மெத்தைக்கு அடியில் எரியும் அடுப்பு

கேள்வி: எங்களுடையது பின்பக்கம் டீசல் இன்ஜின் வைத்த மோட்டார்ஹோம், உள்ளேயே படுத்துத் தங்கும் வீட்டு வண்டி. படுக்கையறை இன்ஜினுக்கு நேர் மேலே வருகிறது. பகல் முழுக்க ஓட்டிவிட்டு ராத்திரி படுத்தால் முதுகு வேகிறது. மெத்தையைத் தூக்கி, கட்டில் பலகை முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, மறுபடி மெத்தையைப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னோர் அடுக்கு ஒட்டலாமா? ஒன்று மட்டும் புரியவில்லை. ஓடும்போது இருப்பதைவிட, நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அதிகமாகச் சுடுகிறது.

பதில்: வேண்டாம். முதல் அடுக்கே சும்மா படுத்திருக்கிறது, துணைக்கு இன்னொன்றா? நான் கிண்டல் செய்யவில்லை. வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்த புதிதில் இதே வேலையை நானும் செய்தேன். இரண்டு பலகைக்கு நடுவே தாளை வைத்து, சுருக்கம் விழாமல் நீவி, நானே நின்று அழகு பார்த்தேன். வண்டிக்காரர் இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, வேலை சுத்தம். படுக்கத்தான் முடியலை" என்றார்.

அலுமினியத் தாளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. கதிராக வருகிற சூட்டைத் திருப்பி அனுப்பும். அதற்குப் பளபளப்பான பக்கத்தில் காற்று இடைவெளி வேண்டும், இரண்டு சென்டிமீட்டராவது. பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தால் அது வெறும் உலோகத் தகடு. சூட்டை வாங்கி அப்படியே மேலே கொடுத்துவிடும்.

நிறுத்திய பிறகு ஏன் சூடு ஏறுகிறது என்கிறீர்கள். ஓடும்போது ஃபேன் சுற்றுகிறது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது, அடியில் காற்று அடிக்கிறது. சாவியைத் திருப்பியதும் மூன்றும் நின்றுவிடும். இரும்பு மட்டும் ஆறவில்லை. கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவும் சைலன்சர் குழாயும் அதைவிடப் பல மடங்கு. புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டியாக இருந்து, நிறுத்துவதற்குச் சற்று முன்பு அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்திருந்தால், அந்த இடத்தில் 600 டிகிரி அளவுக்குப் போயிருக்கும். இவ்வளவு சூடும் போக வழியில்லாமல் மேலே ஏறி, பலகையைக் கடந்து வருவதற்கும் நீங்கள் போர்வையை இழுப்பதற்கும் நேரம் சரியாக இருக்கிறது.

தடுப்பு வாங்கும் முன் ஒரு ராத்திரி எனக்காகச் செலவழியுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, இன்ஜின் அறைக்குள் ஒரு நல்ல விளக்கை எரியவிட்டு, கட்டிலுக்கு அடியில் உள்ள இன்ஜின் மூடியைப் பூட்டுங்கள். படுக்கையறை விளக்குகளை அணைத்துவிட்டு, மெத்தையைச் சாய்த்து வைத்து, தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சூடும் வருகிற இடம். நான் பார்த்தவரை முக்கால்வாசி வண்டிகளில் இரண்டு இடத்தில்தான் கோளாறு. ஒன்று, மூடியைச் சுற்றி இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங். கீல் இருக்கிற பக்கம் அது தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் தடம் மீளாமல் கிடக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை பீடிங்கின் மேல் வைத்து மூடியைப் பூட்டி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் செத்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, வயர் போகும் துளை. நாலு வயர் போவதற்கு யாரோ ஒருவர் அரைச்சாண் ஓட்டை போட்டிருப்பார். அதை அடைக்கத் தீத்தடுப்பு சீலன்ட் இருக்கிறது, அதைப் பூசுங்கள். ஸ்பிரே ஃபோம் அடிப்பது சுலபம்தான், ஆனால் அது எரியும்.

இந்த ஓட்டை விஷயத்தில் என்னைக் கண்டிப்பானவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. சூடு வருகிற வழியில் புகையும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. படுக்கையறையில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்கட்டும். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். போன வருஷம் இல்லாத சூடு இந்த வருஷம் திடீரென்று வந்திருந்தால் தடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய் சேரும் இடத்தில் உள்ள அடைப்பில் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்) கறுப்பாகக் கரிக்கோடு தெரிகிறதா, சைலன்சர் மேல் இருந்த தகடு கழன்று விழுந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டிலுக்கு அடியில் போகும் ஹோஸ். பல வண்டிகளில் இன்ஜினின் சுடுதண்ணீர் முன்பக்க ஹீட்டருக்கோ குளியல் தண்ணீர் டேங்குக்கோ கட்டில் பெட்டிக்குள் புகுந்துதான் போகிறது. ஹீட்டர் போடாத வெயில் காலத்திலும் அதில் கூலன்ட் சுற்றிக்கொண்டிருக்கலாம். மெத்தைக்கு அடியில் கொதிக்கும் குழாயை வைத்துக்கொண்டு இன்ஜின் மூடியைத் திட்டி என்ன பயன்? வால்வு இருந்தால் வெயில் காலத்தில் மூடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று போடச் சொல்லுங்கள். குழாய்க்குச் சூடு தாங்கும் ரப்பர் நுரை உறை மாட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு தடுப்புக்கு வரலாம். மூடியின் அடிப்பக்கம், இன்ஜினைப் பார்த்தபடி, அலுமினிய முகம் வைத்த செராமிக் கம்பளி. பசையை மட்டும் நம்ப வேண்டாம். சூட்டில் பசை விட்டுவிடும். கம்பளி தொங்கி சைலன்சர் மேல் விழும். அகல வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும், அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது. அலுமினிய முகத்தில் எண்ணெய்ப் புகை படிந்தால் பளபளப்போடு பலனும் போய்விடும், அவ்வப்போது துடையுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை மட்டும் எதைக்கொண்டும் அடைக்காதீர்கள். மேலே, மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்கள் வைத்துக் கொஞ்சம் காற்றோட விட்டால் மிச்சச் சூடும் தேங்காது. வண்டி நின்றதும் இன்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் சும்மா ஓடவிட்டு அணைத்து, பின்கதவைத் திறந்து வையுங்கள். செலவில்லாத வேலை இது, நிறையச் சூடு பின்வழியாகவே போய்விடும்.

கேள்வி: செராமிக் கம்பளிக்குப் பதிலாக, வீட்டில் மீந்த தெர்மாகோல் பலகையை இன்ஜின் பக்கம் வைக்கலாமா?

பதில்: கூடாது. 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும், தீப்பிடித்தால் அணைக்க நேரம் கொடுக்காது.

கேள்வி: லேசர் புள்ளி வைத்த தெர்மாமீட்டரால் இன்ஜின் மூடியின் அலுமினியத் தாளை அளந்தேன். 34 டிகிரி காட்டியது. கையை வைத்தால் வைக்க முடியவில்லை. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் காட்டிய இடம்தான் தப்பு. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக அதிகம் வெளிவிடாது, எதிரே இருப்பதன் கதிரைத்தான் திருப்பிக் காட்டும். நீங்கள் அளந்தது பெரும்பாலும் எதிரே இருந்த கூரையை. தாளின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பை அளந்து பாருங்கள். கருவியைக் கிட்டே கொண்டுபோய் அளக்க வேண்டும். தூரம் போனால் டேப்பைத் தாண்டிச் சுற்றியுள்ளதையும் சேர்த்துக்கொள்ளும். லேசர் புள்ளி சின்னதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.