ஸ்பெஷலிஸ்ட் ஒருவரா, புதியவர்கள் இருவரா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மூன்று நண்பர்கள் சேர்ந்து மீன் ஏலக் கணக்குக்கு மொபைல் ஆப் நடத்துகிறோம். எல்லா வேலையையும் மூவரும் பார்க்கிறோம். கரையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் ஒரே ஏலம் இரண்டு தடவை பதிவாகிறது. சரிசெய்தாலும் மறுபடி வந்துவிடுகிறது. கையிலிருக்கும் பணத்துக்கு அனுபவமுள்ள மொபைல் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரை எடுக்கலாம். இல்லை, கல்லூரி முடித்த இரண்டு பேரை எடுக்கலாம். எது சரி?

பதில்: ஆள் தேடும் முன் கடந்த மூன்று மாதத்துப் பிழைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஒரு தடவையோடு தீர்ந்ததா, திரும்பி வந்ததா என்று மட்டும் குறியுங்கள். ரசீதில் எழுத்து வெட்டுப்படுவது, வாட்ஸ்அப்பில் பில் போகாதது எல்லாம் நீங்களே முடிக்கிற வேலை. அதற்கு ஸ்பெஷலிஸ்ட் வைத்தால் அவருக்கும் போரடிக்கும், சம்பளமும் தண்டம். திரும்பி வருகிற பிழைக்குத்தான் ஆழம் தெரிந்த ஆள் வேண்டும்.

உங்கள் இரட்டைப் பதிவு அந்த ரகம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: போன் பதிவை அனுப்புகிறது, சர்வரும் எழுதிவிடுகிறது, ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. போன் மறுபடி அனுப்புகிறது. அடையாள எண்ணை சர்வர்தான் தருகிறது என்றால், அதன் கணக்கில் இது புது ஏலம். பட்டனை ஒருதரம் அழுத்தியதும் பூட்டிவிட்டால் தீரும் என்று நினைக்காதீர்கள். ‘சேமி’ அழுத்திய நொடியிலேயே போனுக்குள் ஒரு யூயூஐடி, அதாவது வேறு எந்தப் பதிவுக்கும் வராத அடையாள எண், உருவாக வேண்டும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்தான் போக வேண்டும். டேட்டாபேஸில் அந்த எண் ஏறும் பத்திக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது அதே எண் இரண்டாம் தடவை ஏறாதபடி தடை, இருக்க வேண்டும். இன்னொன்று, படகின் மொத்தத் தொகையை போனிலிருந்து அனுப்பி மேலெழுதாதீர்கள். இரண்டு போனில் ஒரே படகின் கணக்கு ஏறினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். ஒவ்வொரு கூடையும் தனி வரியாகப் போகட்டும், கூட்டலை சர்வர் பார்த்துக்கொள்ளும்.

இதில் பாதி சர்வர் வேலை என்பதைப் பாருங்கள். மொபைல் மட்டுமே தெரிந்தவர் போன் பக்கத்தை அழகாக முடித்துவிட்டு, மீதி உங்கள் பாடு என்பார். ஆகவே ‘மொபைல் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பெயரை விட்டுவிட்டு, ஆஃப்லைன் ஒத்திசைவில், அதாவது சிக்னல் இல்லாதபோது போனில் சேர்ந்ததைப் பிறகு சர்வரோடு பிசகாமல் சேர்ப்பதில், கை பழகியவரைத் தேடுங்கள். நிரந்தரமாக வேண்டாம், சில வாரம் போதும். விசைப்படகில் வலை இழுக்க எல்லோரும் கை கொடுப்பார்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், அவரைக் கடலுக்குக் கூட்டிப் போவதில்லை.

ஒரு நிபந்தனை. வருகிறவர் தனியாக எழுதக் கூடாது. உங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிரலை உங்கள் ஆளே அடிக்க வேண்டும், அவர் வழிகாட்ட வேண்டும். வேலை மெதுவாகத்தான் நகரும். பரவாயில்லை. அவர் போன பிறகு நடுராத்திரி போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.

நேரம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பதிவு குறையும். நாட்டுப்படகுகள் போய் வருவதால் சோதித்துப் பார்க்க உண்மையான ஏலமும் இருக்கும்.

புதியவர்கள் இருவரை இப்போது எடுக்க வேண்டாம். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார். மூன்று பேருக்குள் பேசிக்கொள்ள 3 இணைப்புகள் போதும். ஐந்து பேரானால் 10. சொல்லிக்கொடுக்கவே உங்கள் பொழுது போய்விடும். ஒத்திசைவு நிலைத்த பிறகு ஒருவரை எடுங்கள், அவர் எல்லா வேலையும் பழகட்டும்.

சரி, ஆளை எப்படிச் சோதிப்பது? சான்றிதழ்களை ஓரம் வையுங்கள். ஆப் உள்ள போனைக் கையில் கொடுத்து, ஃப்ளைட் மோடில் ஐந்து ஏலம் போடச் சொல்லுங்கள். ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு, அனுப்பும் நடுவில் போனை அணைத்துப் போடுங்கள். சர்வரில் சரியாக ஐந்துதான் இருக்கும் என்று எப்படி உறுதி செய்வீர்கள் என்று கேளுங்கள். உடனே ஒரு லைப்ரரியின், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பின், பெயரைச் சொன்னால் யோசியுங்கள். “ஏலம் ரத்தானால் அதை எப்படிப் பதிகிறீர்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டால், சம்பளம் பேச ஆரம்பிக்கலாம்.