துபாயில் கல்யாணம், தங்கச்சிமடத்தில் காகித வேலை

கேள்வி: என் தங்கைக்கு வயது 26, நர்ஸ். மூக்கையூர் மாப்பிள்ளைக்கு நிச்சயம் செய்திருக்கிறோம். அவருக்கு துபாயில் வேலை, அடுத்த வருடம்தான் லீவு. தங்கையை விசிட் விசாவில் அனுப்பி, அங்கேயே சட்டப்படி கல்யாணத்தை முடித்துவிட்டு, லீவில் வரும்போது ஊர்க் கோயிலில் பூசை வைக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. பங்குச் சாமியார் ஒரு கடிதம் கொடுத்தாலே போதும் என்கிறார்கள். உண்மையா? வேறு என்னென்ன காகிதம் வேண்டும்? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: சாமியாரின் கடிதம் கோயிலுக்குத்தான் செல்லும். ஞானஸ்நானம் பெற்றவர், இதுவரை கல்யாணம் ஆகாதவர் என்று அவர் எழுதித் தருவது இன்னொரு பங்கு கேட்கும் காகிதம். அதை வைத்துத் தூதரகம் கல்யாணம் பதியாது, விசாவும் கிடைக்காது.

உங்களுக்குப் பொருந்துவது, துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்வது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இருவரில் ஒருவர், 'நாங்கள் கல்யாணம் செய்யப் போகிறோம்' என்று அறிவிப்பு கொடுப்பதற்கு முந்தைய 30 நாளாவது அந்தத் திருமண அதிகாரியின் எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேயே இருப்பதால் அது சரியாகிவிடும்.

ஆனால் அறிவிப்பு கொடுத்த அன்றே மோதிரம் மாற்ற முடியாது. அதைத் தூதரகத்தில் ஒட்டுவார்கள். இந்தியாவிலும் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 30 நாள் யாரும் ஆட்சேபம் சொல்லாமல் கழிந்தால்தான் கல்யாணம். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிறோமே, அதே சங்கதிதான், நோட்டீஸ் போர்டில் நடக்கிறது.

இப்போது விசாவை எண்ணிப் பாருங்கள். தங்கை 30 நாள் விசிட் விசாவில் இறங்கி, அதன்பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டு அறிவிப்பு கொடுத்தால், ஓலைக் காலம் முடியுமுன்பே விசா முடிந்துவிடும். தாண்டித் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். எனவே 60 நாள் விசா எடுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே மாப்பிள்ளை துணைத் தூதரகத்தில் நேரில் விசாரித்து, எந்தத் தேதியில் யார் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அறிவிப்பு கொடுத்த 6 மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காகிதங்களில் எனக்கு முதல் கவலை பெயர்தான். நம் கடற்கரையில் இது தீராத தலைவலி. ஆதாரில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதியிருப்பார்கள். மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துக் கூடுதல். பிறப்புச் சான்றிதழை எடுத்தால் பெயரே இருக்காது, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அளவுகோலாக வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைக்கலாம். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடாமல் முடியாது.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க, பிறந்த ஊரின் பதிவாளரிடம்தான் போக வேண்டும். சொந்த ஊர் தங்கச்சிமடமாக இருந்தாலும் பிரசவம் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் என்றால் பதிவும் ராமநாதபுரத்தில்தான். உங்கள் ஊராட்சியில் தேடி ஒரு நாளை வீணாக்காதீர்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் இந்த வேலையை இன்றே தொடங்குங்கள்.

இன்னொன்று. தங்கையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா? நம் பக்கம் நிறையப் பேருக்கு அப்படித்தான். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கமும் வந்தது. ஆனாலும் விமான நிலையத்தில் நின்று அதை வாதாட வேண்டிய நிலை தங்கைக்கு எதற்கு? பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிவிட்டால் நிம்மதி.

அடுத்தது திருமணமாகாதவர் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போகும். தங்கைக்கு ராமேஸ்வரம் தாலுகா, மாப்பிள்ளைக்குக் கடலாடி தாலுகா. மாப்பிள்ளை விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஊரில் இருந்த வரைக்கும் வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், துபாயில் இருந்த காலத்துக்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? அந்தக் காலத்துக்கு மாப்பிள்ளையே துணைத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பது நல்லது. இந்தச் சான்றிதழை ரொம்ப முன்கூட்டியும் வாங்க வேண்டாம். 'இன்று வரை ஆகவில்லை' என்று சொல்லும் காகிதம் பழசானால் மதிப்பில்லை.

முத்திரை விஷயத்தில் காசை விடாதீர்கள். 'அப்போஸ்டில் ஒட்டித் தருகிறேன், எல்லா நாட்டுக்கும் செல்லும்' என்று சொல்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம். அப்போஸ்டில் என்பது, உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் சான்றிதழை இன்னொன்று ஏற்க ஒட்டும் ஒரே முத்திரை. அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005-லிருந்து இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் இருக்கின்றன, சவுதி 2022 டிசம்பரில் சேர்ந்தது. ஆனால் அமீரகம் அதில் இல்லை. அமீரக அலுவலகத்திலோ கோர்ட்டிலோ காட்ட வேண்டிய நம் ஊர்ச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். ஒன்றைத் தாண்டி அடுத்தது கிடைக்காது.

இரண்டாவது வழியும் இருக்கிறது. அபுதாபியில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டப்படி சிவில் கல்யாணம் நடக்கிறது. சுற்றுலா வந்தவர்கள்கூடச் செய்துகொள்ளலாம். அவசரம் என்றால் இது கைகொடுக்கும். அங்கே நடந்த கல்யாணத்தையும் நம் தூதரகத்தில் பதிவு செய்ய வெளிநாட்டுத் திருமணச் சட்டமே இடம் தருகிறது. உங்களுக்கு அவசரம் இல்லை, நேரே துணைத் தூதரகமே போதும் என்பது என் கருத்து.

கீழக்கரை, பெரியபட்டினம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அமீரகக் கோர்ட்டில் நிக்காஹ் என்றால் பெண்ணின் 'வலீ' (பெண் சார்பில் நிற்கும் ஆண் பொறுப்பாளர்), இரண்டு முஸ்லிம் ஆண் சாட்சிகள், கல்யாணத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைச் சான்று ஆகியவை வேண்டும். அதன் விவரம் தனியாக எழுத வேண்டியது.

மாப்பிள்ளை தங்கைக்கு அத்தை மகனோ மாமன் மகனோ? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நம் ஊரில் கேட்காமல் இருக்க முடியாது. சட்டத்தின் தடைசெய்யப்பட்ட உறவுப் பட்டியலில் இந்த முறைச் சொந்தமும் வருகிறது. இருவரில் ஒருவருடைய தனிச்சட்டமோ வழக்கமோ அனுமதித்தால் விலக்கு உண்டு. அப்படியென்றால் அறிவிப்பு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், 30 நாள் கழித்துத் தெரிந்தால் வீண் அலைச்சல். கோயிலிலும் இதற்கு ஆயரின் விலக்கு வேண்டும், நமக்கு அது சிவகங்கை மறைமாவட்டம்.

கல்யாண நாளில் பெரிய சடங்கு எதுவும் இல்லை. கதவு திறந்திருக்க, திருமண அதிகாரி முன்னிலையில் மூன்று சாட்சிகள் இருக்க, ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று பேரும் வேலைக்கு லீவு போட வேண்டியவர்கள், மாப்பிள்ளை அவர்களிடம் முன்பே சொல்லி வைக்கட்டும். சான்றிதழ் கையில் வந்ததும் அங்கிருந்து கிளம்பும் முன்பே பெயர், தேதி, பாஸ்போர்ட் எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரையும் வாங்கிவிட்டால் குடும்ப விசாவுக்குப் போடலாம். அதற்கு மாப்பிள்ளையின் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும்.

அப்புறம் ஊரில் பூசை. அன்றைக்கு வீட்டில் இரண்டு கல்யாணத் தேதி ஆகிவிடும். பாஸ்போர்ட், விசா, நாளைக்குக் குழந்தையின் பிறப்புப் பதிவு எல்லாவற்றிலும் துபாய்ச் சான்றிதழின் தேதியையே எழுதுங்கள். சாமியாரிடம் இதை மறைக்க வேண்டாம், ஓலைக்குப் பெயர் கொடுக்கப் போகும்போதே சான்றிதழ் நகலையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.