மெட்ஸ் 1969: தொப்பியில் போட்ட சீட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பேஸ்பால் பற்றிய சென்ற வாரக் குறிப்பில் 1969-ஆம் ஆண்டின் நியூயார்க் மெட்ஸ் அணியைப் பெயரளவில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அடிமட்டத்தில் கிடந்த அணி திடீரென்று சாம்பியன் ஆனதை அங்கே 'அதிசயம்' என்கிறார்கள். எனக்கு அது வெறும் அதிர்ஷ்டமாகவே படுகிறது. தங்கள் கருத்து என்ன?

கே. எம்.

அன்புள்ள கே. எம்.,

அதிர்ஷ்டம் இருந்தது. ஆனால் அதில் பெரும்பங்கு 1966-லேயே வந்து சேர்ந்துவிட்டது. டாம் சீவர் என்ற கல்லூரி மாணவரோடு, பிட்சர் (பந்தெறிபவர்) அவர், அட்லாண்டா பிரேவ்ஸ் அணி செய்திருந்த ஒப்பந்தம், கல்லூரிப் பருவ ஆட்டங்கள் தொடங்கிய பிறகு கையெழுத்தானது என்ற காரணத்தால் அவ்வாண்டு ரத்து செய்யப்பட்டது. அதே தொகையைத் தர முன்வந்த மூன்று அணிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டு எடுத்தபோது மெட்ஸின் சீட்டு வந்தது. 1969-இல் அணி வென்ற 100 ஆட்டங்களில் 25 அந்தச் சீவரின் கணக்கில் சேர்ந்தவை.

'திடீரென்று' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 1962-இல் பிறந்த ஆண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்று, அதன் பின்னும் ஒன்பதாம் இடத்துக்கு மேலே ஏறாமல் இருந்த அணிதான் அது. ஆனால் 1968-இல் கில் ஹாட்ஜஸ் மேலாளராக வந்தார். ஜெர்ரி கூஸ்மன் என்ற இடக்கைப் பிட்சர் நிலைபெற்றார். வெற்றிகள் 73 ஆயின. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடாது. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார் என்பதால், ஒரே ஒரு நல்ல கையை வைத்துக்கொண்டு 162 ஆட்டங்களைக் கடக்க முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை மெட்ஸிடம் சேர்ந்துவிட்டிருந்தது. மட்டையோ மெலிந்தது. செப்டம்பர் 12-இல் பிட்ஸ்பர்க் அணியுடன் ஒரே நாளில் ஆடிய இரண்டு ஆட்டங்களையும் 1-0 என்று வென்றார்கள். அந்த ஒற்றை ரன்னை இரண்டு முறையும் அடித்துக் கொடுத்தவர் பிட்சரே. ஆகஸ்ட் நடுவில் சிகாகோ கப்ஸுக்கு 10 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தவர்கள், கடைசி 49 ஆட்டங்களில் 38-ஐ வென்றது இப்படித்தான்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில் எதிரே நின்ற பால்டிமோர் ஓரியோல்ஸ் அந்தப் பருவத்தில் 109 ஆட்டங்களை வென்ற அணி. முதல் ஆட்டத்தை மெட்ஸ் இழந்தது. அடுத்த நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து ஓரியோல்ஸால் எடுக்க முடிந்தது 5 ரன்கள்தான்.

இனி உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ், ஓரியோல்ஸ் 3-0 என முன்னிலை. எறிந்த பந்து உடலில் பட்டால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். பந்து தம் தொடையில் பட்டது என்று அவர்களுடைய பிராங்க் ராபின்சன் முறையிட்டதை நடுவர் ஏற்கவில்லை. சற்று நேரத்தில் மெட்ஸின் கிளியான் ஜோன்ஸின் காலருகே விழுந்த பந்து, அவரது அணியினர் அமர்ந்திருந்த பக்கமாக உருண்டது. ஹாட்ஜஸ் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்து, அதில் ஒட்டியிருந்த கறுப்பு ஷூ பாலிஷை நடுவருக்குக் காட்டினார். ஜோன்ஸுக்கு முதல் பேஸ் கிடைத்தது. அடுத்து வந்த டான் கிளெண்டெனான் ஹோம் ரன் அடித்ததில், ஜோன்ஸும் அவருமாக இரண்டு ரன்கள் சேர்ந்தன. அந்தக் கறை எப்படி வந்தது என்ற சந்தேகத்தை மெட்ஸ் ஆட்டக்காரர்களே பிற்காலத்தில் கிளப்பியிருக்கிறார்கள். அடுத்த இன்னிங்ஸில், பருவம் முழுவதும் இரண்டே ஹோம் ரன் அடித்திருந்த அல் வைஸ் இன்னொன்றை அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்.

இவற்றை நீங்கள் தாராளமாக அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவது இன்னிங்ஸில் அந்த 3 ரன்களையும் கொடுத்த கூஸ்மன், அதன் பிறகு ஒரு ரன்னும் கொடுக்காமல், வேறு பிட்சரின் உதவியும் இல்லாமல், 5-3 என்று ஆட்டத்தைத் தாமே முடித்துவைத்தார்.