முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஏராளமாக எழுதிய ஆங்கில நாவலாசிரியர் யாரேனும் உண்டா?

ஆன்டனி டிரோலப்பைத்தான் (1815–1882) முதலில் சொல்வேன். 1834-இல் லண்டன் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து 1867 வரை அத்துறையிலேயே பணியாற்றிய அவர், தம் வாழ்நாளில் 47 நாவல்களை எழுதினார். லண்டனில் முதல் ஏழு ஆண்டுகள் கடனிலும் மேலதிகாரிகளின் ஏச்சிலும் கழிந்தன. 1841-இல் அயர்லாந்துக்குச் சென்ற பிறகே வேலையும் எழுத்தும் கைகூடின. ஜெர்சி தீவில் 1852-இல் தெருவோர அஞ்சல் பெட்டிகள் நிறுவப்பட்டதும் அவருடைய பரிந்துரையால்தான்.

காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்ந்துவிட வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. காப்பியோடு வந்து தம்மை எழுப்புவதற்காகவே பணியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்துவிட்டு, கைக்கடிகாரம் வழக்கத்துக்கு வராத அக்காலத்தில் பைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். அலுவல் நிமித்தம் ரயிலில் செல்லும்போதும் பென்சிலால் எழுதுவார். அதை அவர் மனைவி பிறகு படியெடுத்துக் கொடுப்பார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி அப்படி உருவானதே. இந்தப் பழக்கம் தாய்வழி வந்தது என்றும் சொல்லலாம்: ஐம்பது வயதைக் கடந்த பின் எழுதத் தொடங்கிய பிரான்சிஸ் டிரோலப், நோயுற்ற மகனையும் கணவரையும் கவனித்துக்கொண்டே நாவல்கள் எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார்.

இந்தக் கணக்கையெல்லாம், ஒவ்வொரு நூலுக்கும் கிடைத்த பணம் உட்பட, தன்வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1883-இல் அது வெளிவந்ததும், கடிகாரம் பார்த்து எழுதியவரிடம் கலை எப்படி இருக்கும் என்று பலர் முகம் சுளித்தனர். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. லண்டன் மன்றம் ஒன்றில், ஆயரின் மனைவியான திருமதி பிரௌடி என்ற பாத்திரம் மீண்டும் மீண்டும் வருவதைப் பாதிரியார் இருவர் குறைகூறக் கேட்டவர், எழுந்து சென்று, ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுவதாகச் சொன்னார், சொன்னபடியே செய்தார். ஆனால் அவளுடைய ஆவியோடு தாம் இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பதாகப் பின்னாளில் எழுதினார். சொல் எண்ணிக்கைக்காக மட்டும் எழுதியவர் தம் பாத்திரத்தின் சாவுக்கு இப்படி வருந்தியிருக்க மாட்டார்.

தொடங்குவதற்கு 1855-இல் வந்த ‘தி வார்டன்’ ஏற்றது, சிறியது. பன்னிரண்டு முதியவர்களுக்கான அறக்கட்டளை இல்லத்தின் காப்பாளர், தமக்குக் கிடைக்கும் 800 பவுண்டு வருமானம் நியாயமானதுதானா என்று தவிப்பதே கதை. அது பிடித்தால் அதன் தொடர்ச்சியான ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலுக்குச் செல்லலாம். நாடாளுமன்ற அரசியலைச் சொல்லும் பெரிய நாவல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.