டேட்டாபேஸ் அமைப்பது யார் வேலை?

கேள்வி: சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் சில மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான டெப் பேக்கேஜ் (நிறுவல் கோப்பு). இன்ஸ்டால் ஆகும்போதே போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரில் ஒரு டேட்டாபேஸையும் உருவாக்கிவிடும். ஒரு கடையில் சர்வர் ஓடாததால் எல்லாம் பாதியில் நின்றுவிட்டது. டேட்டாபேஸ் வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: விடாதீர்கள். தீபாவளி நெரிசலில் கல்லாவில் நிற்பவரிடம் கமாண்ட் அடிக்கச் சொல்வது நியாயமில்லை. பேக்கேஜே செய்யட்டும், ஆனால் செய்கிற விதத்தை மாற்றுங்கள்.

இன்ஸ்டாலின் கடைசியில் தானாக ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் தோற்றால் பேக்கேஜ் அரைகுறையாக நின்றுவிடும். அப்புறம் பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட் கருவி மூலம் வேறு எதை நிறுவினாலும் அதே பிழை எட்டிப் பார்க்கும். அதனால் டேட்டாபேஸ் அமைப்பதைத் தனிக் கமாண்டாக எழுதுங்கள். போஸ்ட்இன்ஸ்ட் அதை ஓட்டிப் பார்க்கட்டும். சர்வர் கிடைக்காவிட்டால், காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு இன்ஸ்டாலை முடித்துக்கொள்ளட்டும். சர்வர் வந்ததும் அதே கமாண்டை மறுபடி ஓட்டலாம். எத்தனை முறை ஓட்டினாலும் ஏற்கெனவே உள்ள டேபிள்களை அது கெடுக்கக் கூடாது. இதில்தான் உங்கள் உழைப்பு அதிகம் போக வேண்டும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் இதற்கென்றே டிபிகான்ஃபிக்-காமன் என்ற துணைப் பேக்கேஜ் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

போஸ்ட்கிரஸ் சர்வரை டிபென்ட்ஸில் (கட்டாயம் வேண்டியவை) போடாதீர்கள், ரெகமெண்ட்ஸ் (பரிந்துரைப்பவை) போதும். கிளைகள் உள்ள கடையில் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கலாம். ஒரே கல்லா உள்ள கடையா? டேட்டாபேஸை ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் போதும், சர்வர் தொல்லையே கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: பேக்கேஜை நீக்கும்போது என்ன ஆகிறது? ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த கடை தன் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ரிமூவ் (மென்பொருளை மட்டும் நீக்குவது) செய்தால் டேட்டாபேஸைத் தொடவே கூடாது. பர்ஜ் (அமைப்புகளோடு முழுதாக நீக்குவது) செய்தாலும் கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும். பதில் சொல்ல ஆளில்லாமல் தானாக ஓடினால், அழிக்க வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளட்டும்.

அப்டேட்டிலும் இதே அக்கறை வேண்டும். முதலில் பேக்கப், பிறகுதான் டேபிள் மாற்றம். 2024 ஜனவரி 1-இல் ஜிஎஸ்டி 8-லிருந்து 9 விழுக்காடானது. அதற்கு முந்தைய பில்களில் பழைய விகிதம் அப்படியே இருக்க, விகிதத்தை ஒவ்வொரு பில்லோடும் சேர்த்தே பதியுங்கள்.

பாஸ்வேர்ட் கடைக்குக் கடை வேறாக, இன்ஸ்டால் ஆகும்போதே உருவாகட்டும். பேக்கேஜுக்குள் எழுதி வைத்தால் ஒரு கடையில் கசிந்தது எல்லாக் கடைக்கும் சாவியாகிவிடும்.