கோட்டை மான்களும் அக்ரிலிக்கும்

வணக்கம் ஐயா,

உப்புவெளியில் என் வீட்டில் சனி, ஞாயிறுகளில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு நடத்துகிறேன். இந்தத் தவணை காட்டு விலங்குகளை அக்ரிலிக் பெயின்ற்றில் கீறக் கொடுத்தேன். உருவத்தை நானே பென்சிலால் கீறிக் கொடுக்கிறேன். அப்படியிருந்தும் பென்சில் கோட்டைத் தாண்டிப் பூசுகிறார்கள். பெயின்ற் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது, இல்லாவிட்டால் நிறமெல்லாம் கலந்து சேறாகிறது. வாட்டர்கலருக்கே திரும்பிவிடலாமா?

ஒரு சித்திர ரீச்சர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ரீச்சருக்கு,

திரும்ப வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வாட்டர்கலர்தான் கஷ்டம். அதில் கடதாசியின் வெள்ளையை முதலிலிருந்தே காப்பாற்றியாக வேண்டும். ஆறு வயதுக்கு அந்தப் பொறுமை ஏது? அக்ரிலிக் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. பிழைத்த இடத்தின் மேல் இன்னொரு பூச்சுப் பூசலாம், கடும் நிறத்தின் மேலும் வெள்ளை வைக்கலாம். இவ்வளவு வசதியான பெயின்ற்றைக் கையில் கொடுத்துவிட்டு, கோட்டுக்குள்ளேயே நில் என்றால் பிள்ளை என்ன செய்யும்? முதலில் உங்கள் பென்சிலை எடுத்து வையுங்கள்.

யானையையும் சிறுத்தையையும் பிறகு பார்க்கலாம். காலை வெயில் ஏறுமுன் பிள்ளைகளைத் திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான்கள் ஆளுக்குப் பயப்படாமல் நிற்கும். அங்கே எதையும் கீறவிட வேண்டாம், கேள்வி மட்டும் கேளுங்கள். வயிறு என்ன நிறம்? கொம்பு எல்லாவற்றுக்கும் இருக்கிறதா? புள்ளி கண்டபடி கிடக்கிறதா, வரிசையாகப் போகிறதா? முதுகின் நடுவில் கடும் நிறத்தில் ஒரு கோடு ஓடும், அதன் இரு பக்கமும் புள்ளிகள் வரிசை பிடித்திருக்கும். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை தாளில் புள்ளியை அள்ளித் தெளிக்காது.

வகுப்பில் முதல் நாள் தடித்த பிரஷ் மட்டும் போதும். பேர்ன்ற் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தோடு கொஞ்சம் மஞ்சள் சேர்த்து உடம்பு, கழுத்து, தலை என மூன்று திட்டுகள். கால் கோணலாக வந்தால் வரட்டும். காய்ந்ததும் பின்னணிப் பச்சையைக் காலோரமாகப் பூசினால் கால் தானாக மெலிந்து நிமிரும். பிள்ளைகளுக்கு இது வித்தை மாதிரி இருக்கும். அடுத்து வயிற்றுக்கும் தொண்டைக்கும் வெள்ளை. புள்ளி கடைசியில், பிரஷ்ஷின் பின்முனையை வெள்ளையில் தோய்த்துத் தொட்டுத் தொட்டு.

சேறாவதற்குக் காரணம் அவசரமும் தட்டில் கிடக்கும் பத்து நிறங்களும்தான். நீலம், மஞ்சள், பேர்ன்ற் சியன்னா, வெள்ளை என நான்கு கொடுங்கள். கறுப்பை ஒளித்து வையுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ற் சியன்னாவும் சேர்ந்தால் யானைக்கு வேண்டிய சாம்பல் வந்துவிடும். யானை என்றதும் எல்லாரும் தந்தம் வைப்பார்கள், பார்த்துக்கொண்டிருங்கள். இலங்கையில் ஆண் யானைகளிலேயே மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம் உண்டு. காதோரமும் தும்பிக்கையும் ரோஸ் நிறத்தில் வெளிறியிருப்பதைக் காட்டினால் அது இன்னும் நல்ல பாடம்.

காய்வதைப் பற்றி: கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் துவைத்த சேலையே நிமிடக் கணக்கில் காய்கிறது, பெயின்ற் எந்த மூலைக்கு? வகுப்பு நேரம் ஃபானை நிறுத்துங்கள். சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஈரமான ரிசுக் கடதாசியை விரித்து அதன்மேல் பெயின்ற் வைத்தால் வகுப்பு முடியும்வரை தாங்கும். காய்ந்தால் நிறம் ஒரு படி கடுமையாகும் என்பதையும் சொல்லிவையுங்கள். பிரஷ்ஷை உடனே கழுவ வேண்டும், இறுகிவிட்டால் எறிய வேண்டியதுதான். சட்டையில் காய்ந்ததும் போகாது, அப்பாவின் பழைய சேர்ட் ஒன்றைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரு கண்டிப்பு. பிள்ளையின் தாளில் உங்கள் பிரஷ் படக்கூடாது. காட்ட வேண்டுமானால் உங்கள் தாளில் செய்து காட்டுங்கள். “வடிவாய் வரேல்லையே” என்று தாய்மார் முகம் சுளிப்பார்கள். அவர்களையும் ஒருநாள் கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் புள்ளி வரிசையைக் கேளுங்கள்.

போகும்போது பிஸ்கற் பக்கற் மட்டும் வேண்டாம். அந்த மான்கள் பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும்.