குளோரின் கலந்த குடிநீரிலும் ஒட்டுண்ணி இருக்குமா?

இருக்கலாம். குளோரின் வாசம் வந்தாலே தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். காலரா, டைபாய்டு கிருமிகளை அது கொல்லும், உண்மைதான். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் அது பலிக்காது. இது சுமார் 5 மைக்ரான் அளவே இருந்தாலும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இதன் மேலுறை அவ்வளவு கெட்டி. முறையாகக் குளோரின் கலந்த நீச்சல்குளத்திலேயே ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்து அனுப்பிய குழாய்நீர் வழியாகவே ஏறக்குறைய 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள்.

திடமானவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். என் கவலையெல்லாம் எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் பற்றித்தான். அவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். கைக்குழந்தைகளுக்கு நீரிழப்பு சட்டென்று முற்றிவிடும். தண்ணீரில் வரும் இன்னொரு ஒட்டுண்ணியான ஜியார்டியா வேறு ரகம்: வயிற்று உப்புசம், எண்ணெய்ப்பசையுள்ள மலம், எடைக்குறைவு என்று வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். மலப் பரிசோதனைக்குப் போனால் இந்த ஒட்டுண்ணிகளைத் தேடச் சொல்லியே கேளுங்கள். வழக்கமான சோதனையில் பல நேரம் தப்பிவிடும்.

தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் இரண்டுமே செத்துவிடும். வெதுவெதுப்பானதும் இறக்கிவிட்டால் பயனில்லை. வடிகட்டி வாங்குவதானால் துளை 1 மைக்ரானுக்கு மிகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.